பார்க்க ஒன்றுமில்லாத ஊர்கள் – கடிதம்

அன்பின் ஐயா,

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சானுடன் வருகிற மே மாதம் ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரைப் பாதையை நடக்க எண்ணியிருக்கிறேன். வங்கியில் மூன்று வார விடுமுறைதான் தருவார்கள். புர்கோஸ் நகருக்கும் லெயோனுக்கும் இடையே ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தூரம் வெறும் கோதுமை வயலும் பாழடைந்த ஊர்களும்தானாம். பார்க்க ஒன்றுமில்லை, பஸ்ஸில் தாண்டிவிடலாம் என்கிறார் மச்சான். அப்படிச் செய்யலாமா? நான் சைவன், இந்த யாத்திரை எனக்குப் பொருந்துமா? எத்தகைய சப்பாத்து நல்லது?

க., வெள்ளவத்தை

அன்பின் க.,

சப்பாத்தைப் பற்றிச் சப்பாத்துக் கடையில் கேளும். சைவன் போகலாமா என்று கொழும்பில் இருந்துகொண்டு கேட்க உமக்கு வெட்கமாக இல்லையா? ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் நின்று, திருநீறு பூசிய நெற்றிகளை எண்ணிப் பாரும்.

பஸ்ஸுக்கு வருகிறேன். மன்னார்ப் பக்கத்துக் காட்டில் இருக்கும் மடு மாதா கோயில் யாத்திரை பற்றி எழுதத் தொடங்கிய கட்டுரை ஒன்று பாதியில் நின்று என்னை வதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உமது கடிதம் வந்தது. அதனால்தான் இந்தப் பதில். மற்றப்படி பயண விசாரணைகளுக்கு நான் எழுதுவதில்லை.

மச்சான் "ஒன்றுமில்லை" என்கிற அந்தப் பகுதியில், காஸ்த்ரோஹெரிஸ் ஊருக்குச் சற்று முன்னால் சான் அன்தோன் என்றொரு மடத்தின் இடிபாடு இருக்கிறது. கூரை எப்போதோ போய்விட்டது. பாதை அதன் வளைவுக்குக் கீழாகவே போகிறது. கார்களும் அதற்குள் நுழைந்துதான் வெளியேறுகின்றன. வளைவின் கீழே சுவரில் மாடங்கள் இருக்கின்றன. கதவு சாத்திய பிறகு வந்து சேரும் யாத்திரிகருக்காகத் துறவிகள் அவற்றில் ரொட்டியை வைத்துவிட்டுப் படுக்கப் போவார்களாம். இப்போது நடந்து வருகிறவர்கள் அங்கே துண்டுக் காகிதங்களில் வேண்டுதல் எழுதிச் செருகிவிட்டுப் போகிறார்கள். இந்த அந்தோனியார் நம் கொச்சிக்கடைக்காரர் அல்லர், எகிப்திய வனத்துறவி. அவர் பெயரால் வழங்கிய ஒரு நோய் அக்காலத்து ஐரோப்பாவை ஆட்டிவைத்தது. ரை தானியத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்றவருக்குக் கைகால் நெருப்பாய் எரிந்து, கறுத்து, அழுகி விழும். மடத்துக்கு வந்தவர்களுக்கு நல்ல கோதுமை ரொட்டி கிடைத்தது, பலருக்கு நோய் தணிந்தது. புனிதரின் அருள் என்றார்கள். இருக்கட்டும். அந்த அருளை மாவு பிசைந்து சுட்டவன் ஒருவன் இருந்தானே, அவனைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

அதைத் தாண்டினால் மண்வீடுகள். நல்ல கல் கிடைக்காத சமவெளி அது. சாகுன் நகரில் கோயில் கோபுரங்களையே செங்கல்லால் கட்டினார்கள். ஏழைகள் களிமண்ணில் வைக்கோலைக் குழைத்துச் சுவர் எழுப்பினார்கள். பிள்ளைகள் வேலை தேடி மட்ரிட்டுக்கும் பில்பாவோவுக்கும் போய்விட, அந்தச் சுவர்கள் மழையில் கரைந்துகொண்டிருக்கின்றன. சில ஊர்களில் பெயர் சொல்லும்படி ஒரே தெருதான், அந்தத் தெருவே யாத்திரைப் பாதை. நடப்பவனுக்காக முளைத்த ஊரைப் பஸ்ஸில் தாண்டிவிட்டு நீர் எந்தப் பாதையை நடக்கப் போகிறீர்? ஃப்ரோமிஸ்தாவில் 11ஆம் நூற்றாண்டுக் கோயில் ஒன்று உண்டு. கூரை விளிம்பின் கீழே நூற்றுக்கணக்கான சின்னச் சிற்பங்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஆனால் நூறு வருடங்களுக்கு முன் திருத்தியவர்கள் சுரண்டித் துடைத்ததில், நேற்றுக் கட்டி முடித்ததுபோல் நிற்கிறது. அதைப் படம் பிடிக்க ஆட்கள் வரிசையாக வருகிறார்கள்.

லெயோனுக்கு அப்பால் மலைமேல் இருக்கும் ஃபொன்செபதோன் 1990களில் அநேகமாகக் காலியாகிவிட்ட ஊர். கால்நடையாக வந்தவர்கள் தண்ணீர் கேட்டார்கள், படுக்க இடம் கேட்டார்கள், ஊர் மறுபடி அடுப்பு மூட்டியது. யுனெஸ்கோ 1993இல் இந்தப் பாதையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான், ஆனால் பட்டியல் எவருக்கும் கஞ்சி ஊற்றாது.

என் கட்டுரை நின்றதும் இந்த இடத்தில்தான். மடு வரலாறு என்று நான் எதை எடுத்தாலும், ஒல்லாந்தருக்கு அஞ்சி 1670இல் மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தைக் காட்டுக்குள் தூக்கிப் போனது இருக்கிறது. 1924இல் முடிசூட்டியது இருக்கிறது. 1999 நவம்பரில் ஷெல் விழுந்து, அடைக்கலம் புகுந்தவர்கள் மாண்டது இருக்கிறது. 2015இல் பாப்பரசர் வந்தது இருக்கிறது. மதவாச்சியிலிருந்து மன்னார் வீதி நெடுகிலும் யாத்திரிகரைத் தாங்கிய ஊர்களைப் பற்றி ஒரு வரி? கிடையாது.

நாங்கள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஆகஸ்ட் திருவிழாவுக்கு லொறியில் போவோம். அம்மா சைவம். செட்டிகுளத்தில் ஒரு வளவில் நிறுத்திச் சமைப்போம். அந்த வீட்டு ஆச்சி விறகு தருவார், கிணற்றை விடுவார், காசு வாங்க மாட்டார். புறப்படும்போது கழுவிக் காயவைத்த ஹோர்லிக்ஸ் போத்தலை அம்மாவின் கையில் வைப்பார். திரும்பும்போது அது நிறைய மடு மண் வேண்டும். பாம்புக்கடிக்கு மடு மண் மருந்து என்று நம்பிக்கை. விடிய முன்னர் வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவருக்கு அது விளையாட்டல்ல. ஒருமுறை போத்தல் முக்கால்வாசிதான் நிறைந்திருந்தது. ஆச்சி அதைத் தூக்கிப் பார்த்து, "ஏன் பிள்ளை, மாதாவிடம் மண்ணுக்கும் பஞ்சமோ?" என்று கேட்டார். லொறியைத் திருப்பச் சொல்லி அம்மா கெஞ்சினார். லொறிக்காரர் மசியவில்லை. கொழும்பு வரும்வரை அம்மா அவருடன் பேசவில்லை.

2009இல் உலகம் செட்டிகுளத்தை மெனிக் பாம் முகாமால் அறிந்துகொண்டது. போரில் தப்பி வந்தவர்களை முட்கம்பிக்குள் வைத்த இடம். வழிப்போக்கருக்குக் கிணறு திறந்து வைத்த ஊரும் அதுவே என்று எழுத எனக்குச் சாட்சி வேண்டும். மன்னார் பஸ்ஸில் ஏறியதும் நித்திரையாகிவிடும் உம்முடைய தலைமுறையிடம் யாரைப் போய்க் கேட்பது?

சரி, உமது விடுமுறை. புர்கோஸில் தொடங்கும். லெயோன் வரை ஓரடியும் விடாமல் நடவும், எட்டு ஒன்பது நாள் போதும். வண்டி ஏறத்தான் வேண்டுமென்றால் அங்கே ஏறி, பாதையின் கடைசிப் பகுதியில் உள்ள சாரியாவில் இறங்கும். ஃபொன்செபதோன் தவறிப்போகும், அதற்கு இன்னொரு வருடம் போகலாம். கடைசி 100 கிலோமீற்றர் நடந்தவருக்குச் சான்றிதழ் தருவார்கள். மச்சானுக்கு அதுதான் வேண்டும் போலிருக்கிறது, வாங்கிக்கொள்ளட்டும். மத்தியானத்தில் அங்கே கடைகளைப் பூட்டிவிடுவார்கள், ரொட்டியைக் காலையிலேயே வாங்கிவிடும்.

உமது வங்கியில் செட்டிகுளத்துப் பக்கத்து மனிதர் எவராவது இருந்தால், வயதான உறவினர் உண்டா என்று கேட்டு எனக்கு எழுதும். ஆச்சியின் வளவு புகையிரத நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது, வாசலில் ஒரு புளியமரம்.