‘ரிட்ஜ்’ என்றால் மலையா?

மகள் வினாத்தாளில் ‘ரிட்ஜ்’ (ridge) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘மலை’ என எழுதியது பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழைதான். மலை முழு உருவம். ரிட்ஜ் அதன் உச்சியில் நீண்டு ஓடும் ஒடுங்கிய முகடு. அதில் விழும் மழைநீர் இரு பக்கமும் பிரிந்து ஓடும்.

பரீட்சையில் பிள்ளைகள் தடுமாறுவது சமவுயரக் கோடுகளில், அதாவது வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளில். கோடுகளின் வளைவு தாழ்ந்த பக்கம் துருத்தி நின்றால் முகடு, உயர்ந்த பக்கம் உள்வாங்கினால் பள்ளத்தாக்கு. கோட்டிலுள்ள உயர எண்களைப் பார்க்காமல் வடிவத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் மாறிப்போகும்.

யாழ்ப்பாணம் தட்டை நிலம், கீரிமலையிலும் பெயரில்தான் மலை. ஆனால் ரிட்ஜ் இங்கேயும் உண்டு. ஓட்டு வீட்டில் இரண்டு சரிவும் சந்திக்கும் முகடு ரிட்ஜ்தான். அங்கே சாந்து வெடித்தால் முதல் மாரியிலேயே ஒழுக்குத் தொடங்கும். உருளைக்கிழங்குத் தோட்டத்தில் செடியடிக்கு மண் அணைத்து எழுப்பும் நீள்மேடும் அதுவே. மண் குறைந்து கிழங்கில் வெயில் பட்டால் பச்சை பிடித்துக் கசக்கும், சமைக்க உதவாது.

வானிலை அறிக்கையில் ரிட்ஜ் என்று வந்தால், உயர் காற்றமுக்கம் நீண்டு கிடக்கும் பகுதி. பெரும்பாலும் மழை குறைவு.