ரத்தக்குழாய் ஆராய்ச்சியில் பிழைப்பு உண்டா?

ஐயா,

மகள் நீட் எழுத மறுக்கிறார், நுரையீரல் ரத்தக்குழாய்களை ஆராயப் போவதாகச் சொல்கிறார், "அதில் பிழைப்பு நடக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கும். ஆனால் வருமானம் தாமதமாக வரும்.

மகளை ஈர்த்தது எது என்று முதலில் பாருங்கள். அவர் ஆராய விரும்பும் துறையின் மையம் நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் என்ற நோய். கையில் பட்டை கட்டி அளக்கிற ரத்த அழுத்தம் அல்ல இது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் தமனியில் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டுகிற நிலை. அந்தத் தமனிகளின் உட்சுவர்ச் செல்கள் பக்கத்துத் தசைக்கு ஓயாமல் ஆணையிடுகின்றன. நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் தசையைத் தளர்த்துகின்றன, எண்டோதீலின் இறுக்குகிறது. இந்த நோயில் தமனிகளே பழுதாகும் வகையில் முதல் இரண்டும் குறைந்து, மூன்றாவது மிகுந்துவிடுகிறது. குழாய் சுருங்கிச் சுவர் தடிக்க, இதயத்தின் வலப்பக்கம் நாளடைவில் ஓய்ந்துபோகிறது.

அந்த வகைக்கான இன்றைய மருந்துகளில் பெரும்பாலானவை இந்த மூன்று மூலக்கூறுகளைப் படித்ததால் கிடைத்தவை. 1988இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் எண்டோதீலினைக் கண்டறிந்த குழுவின் மசாஷி யானகிசாவா அப்போது ஆராய்ச்சி மாணவர். அதன் செயலைத் தடுக்கும் போசென்டான் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேறொரு சமிக்ஞைப் பாதையில் வேலை செய்யும் சோட்டாடெர்செப்ட் என்ற மருந்து வந்தது 2024இல்தான். முழுக் குணம் தரும் மருந்து இன்னும் இல்லை. உங்கள் மகள் செய்வதற்கு நிறைய மிச்சமிருக்கிறது.

ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்பு இதற்கு நேர்வழி. நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கிலும் சம அளவில் கேள்விகள் உண்டு. கணிதம் இல்லாத பிரிவில் படிக்கிறார் என்றால் இப்போதே பயிற்சி தொடங்கட்டும்.

வீட்டுக் கடன் அவர் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கிறதா? அப்படியானால் மருந்தியல் பட்டப்படிப்பான பி.ஃபார்ம். என்பதே என் தேர்வு. நான்கு ஆண்டுகளில் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு, மருந்துப் பரிசோதனை ஆகிய வேலைகளுக்குப் போகலாம். ஜிபாட் என்ற நுழைவுத் தேர்வை எழுதி, முதுகலைப் படிப்பான எம்.ஃபார்மில் மருந்தியல் எடுத்தால் ஆராய்ச்சிக் கதவும் மூடாது.

இரண்டு வழியிலும் முனைவர் பட்டத்துக்கு மேலும் ஐந்தாண்டுகள் ஆகலாம். நெட் எனப்படும் தேசிய தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். நிலையான வேலைக்கு முப்பதை நெருங்கும் வயதாகிவிடும், திருமணப் பேச்சை வைத்து அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

ஆய்வகம் பூட்டிக் கிடக்கும் கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் மட்டும் வேண்டாம். சேர்க்கைப் பணம் கட்டுமுன் அங்கே செல் வளர்ப்பு அறை இருக்கிறதா, மாணவர்கள் அதைத் தொட அனுமதி உண்டா என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள்.