மொழிப் பட்டியல்களில் முதலில் நிற்கும் ‘அஃபார்’ எந்த ஊர் மொழி? அழிந்துகொண்டிருக்கும் மொழியா?

மென்பொருள்களைத் தமிழாக்கும் வேலையில் இருப்பதால் இந்தப் பெயர் அடிக்கடி கண்ணில் படும். முதலில் நிற்கக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பன்னாட்டு மொழிக் குறியீட்டில் அதற்குக் கிடைத்தது ‘ஏஏ’. அகர வரிசையில் அதை முந்த ஆளில்லை. ஆனால் இணையத்தில் சரக்கு மிகக் குறைவு. அஃபார் விக்கிப்பீடியாவையே மூடிவிட்டார்கள்.

அதை வைத்து அழிகிற மொழி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எத்தியோப்பியாவின் வடகிழக்கு, எரித்திரியாவின் தென் செங்கடல் கரை, ஜிபூட்டியின் வடபகுதி என மூன்று நாடுகளில் பேசுகிறார்கள். 2007 கணக்கெடுப்பில் எத்தியோப்பிய அஃபார் மக்கள் மட்டுமே 12 லட்சத்துக்கு மேல். சோமாலி, ஒரோமோ போல இதுவும் குஷிட்டிக் என்ற ஆப்பிரிக்க மொழிக் குடும்பம்தான். எரித்திரியாவின் சாஹோ மொழி மிக நெருங்கிய உறவு. எழுதுவது லத்தீன் எழுத்தில். அதில் ‘எக்ஸ்’ வந்தால் ‘நாடு’ என்பதில் வரும் டகரத்தைப் போல நாக்கை மடித்துச் சொல்ல வேண்டும். தெரியாமல் படித்தால் ஊர்ப்பெயர்கூட வாயில் நுழையாது.

அஃபார் மக்களிடம் எனக்குப் பிடித்த விஷயம் ‘டாகு’ என்னும் செய்தி பரிமாறும் வழக்கம். அஃபார் மக்களில் பெரும்பாலோர் ஒட்டகமும் ஆடும் மேய்ப்பவர்கள். டனாகில் பாலைவனத்தில் இருவர் எதிர்ப்பட்டால், அறிமுகமே இல்லாவிட்டாலும், ஒரு வணக்கத்தோடு விலகிப் போக முடியாது. கையைப் பற்றி நலம் விசாரித்து, உட்கார்ந்து செய்தி மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கே மழை, எந்தப் பக்கம் புல், எந்தக் கிணற்றில் தண்ணீர், எங்கே கால்நடைக்கு நோய், எங்கே சண்டை, வழியில் யாரைப் பார்த்தாய் என்று வரிசையாகக் கேள்வி வரும். கண்ணால் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கேட்டவர் அடுத்து எதிர்ப்படுபவருக்குச் சொல்வார். மேய்ச்சலைத் தேடி மந்தையை எந்தத் திசையில் ஓட்டுவது என்பதே இதை நம்பித்தான். பொய்ச் செய்தி சொல்பவருக்குக் குல வழக்கப்படி தண்டனையும் உண்டு. வாட்ஸ்ஆப் குழுக்களுக்கு இந்தச் சட்டம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எத்தியோப்பியாவின் அஃபார் மாநிலத்தில் அஃபார்தான் ஆட்சிமொழி. கூட்டாட்சி அரசின் வேலைமொழிகளில் இதையும் சேர்ப்பதாக 2020-இல் அறிவித்தார்கள். டாகுவும் இப்போது கைப்பேசி வழியாகவும் நடக்கிறது, சிக்னல் கிடைக்கிற இடங்களில்.