பழைய போட், பழைய என்ஜின்: கேட்டவர்களுக்குக் கல்லடியிலிருந்து பதில்

வாடை அடங்கி மாசி, பங்குனியில் கடல் படியத் தொடங்கினால் எங்கள் கரைகளில் போட் கைமாறும் காலமும் தொடங்கிவிடும். மாரி முழுக்கக் கரையில் ஏற்றிக் கிடந்ததற்குப் புதுப் பெயின்ட் அடித்து விலை சொல்வார்கள். வாங்கி இரண்டு கிழமை போவதற்குள் என்ஜின் நடுக்கடலில் நிற்கும். மட்டக்களப்புக் கல்லடியில் வெளி என்ஜின், அதாவது போட்டின் பின்பலகையில் பூட்டும் என்ஜின், திருத்துகிறவன் என்பதால் வாழைச்சேனை தொடக்கம் பொத்துவில் வரை பலர் கேட்டிருக்கிறார்கள். எதிர்பாராத பழுது என்றுதான் எல்லோரும் சொல்கிறீர்கள். என் பட்டறைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை வாங்கிய அன்றைக்கே கண்டுபிடித்திருக்கக்கூடிய பழுதுகள். அதனால் சில பதில்களை நீட்டியே எழுதுகிறேன்.

நாவலடியிலிருந்து: அண்ணே, பைபர் போட் ஒண்டும் 25 குதிரைவலு என்ஜினும் சேர்த்து விலை பேசி வெச்சிருக்கன். வீட்டு முத்தத்தில பீப்பாத் தண்ணிக்குள்ள என்ஜினை ஓட்டிக் காட்டினாங்க. ஒரே இழுவையில பத்திச்சு. வாங்கலாமா?

பீப்பாவுக்குள் ஓடும் என்ஜினுக்குச் சுமை இல்லை தம்பி. பத்துகிறது, சத்தம் சீராக இருக்கிறது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது.

முதலில் என்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அன்றைக்குப் பார்க்காமல் திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள். குளிர்ந்த என்ஜின் எத்தனை இழுவையில் பத்துகிறது என்பதுதான் கணக்கு.

பத்தவைப்பதற்கு முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஆணித் தலைகள் உருண்டு போயிருந்தால் பலமுறை திறந்து பூட்டிய என்ஜின். என்ஜினின் காலில், அதாவது தண்ணிக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியில், மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் கீழே உப்பரிப்பு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பிளக்குகளைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி மண்ணிறமாக இருந்தால் நல்லது. ஒன்று மண்ணிறமும் மற்றது எண்ணெய் ஊறிய கறுப்புமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை. வெள்ளையாக வெந்து போயிருந்தால் இன்னும் மோசம். அது சூடேறி ஓடிய என்ஜின். பிளக்கைக் கழற்றிய கையோடு அழுத்தம் பார்க்கும் மானியை வைத்துப் பார்த்துவிடலாம். மானி எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட இரண்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று கிட்டவாக இருக்கின்றனவா என்பது முக்கியம். பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் விலையை அப்படியே கொடுக்காதீர்கள்.

பிறகு போட்டைத் தண்ணியில் இறக்கச் சொல்லுங்கள். மூன்று பேர் ஏறி, முழு வேகத்தில் அரைமணி நேரம் வாவியிலாவது ஓட்டுங்கள். சுமையில் வேகம் கூட்டும்போது கியர் தானாகக் கழன்றால் உள்ளே பற்கள் தேய்ந்துவிட்டன. என்ஜினைக் குளிரவைத்துவிட்டுப் பின்னால் துப்பும் தண்ணி கடைசி வரைக்கும் ஒரே பலத்தில் வருகிறதா என்றும் ஒரு கண் வைத்திருங்கள். கரைக்கு வந்ததும் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி பத்தவையுங்கள். குளிரில் ஒழுங்காகப் பத்தி, சூட்டில் பத்த மறுக்கும் என்ஜின்கள் நிறைய உண்டு.

அரைமணி ஓட்டம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். எண்ணெய்ச் செலவை நானே தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் காரணம் இருக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து: கியர் ஒயில் மாத்தப் போனா பால் மாதிரி வருது. வாங்கும்போது பாக்கல்ல. ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். கியர் பெட்டிக்குள் தண்ணி போய்விட்டது. அப்படியே ஓடினால் முதலில் பெயாரிங், பிறகு கியர் சக்கரம் என்று செலவு ஏறும்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெரிய காரணம் தங்கூசி, அதாவது நைலோன் நரம்பு. அறுந்த தங்கூசி புரொப்பலரின் அச்சில் சுற்றி, சூட்டில் உருகி, தண்ணி புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீலை வெட்டிவிடும். புரொப்பலரைக் கழற்றி அதன் பின்னால் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைக்கும். தங்கூசியை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, சீலையும் மாற்ற வேண்டும். புது ஒயிலைக் கீழ் ஓட்டையால் ஏற்றுங்கள், மேல் ஓட்டையால் வழியும் வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும். இரண்டு ஆணிக்கும் புது வாசர் போடுங்கள். பழைய வாசரே தண்ணி புகும் வழியாக இருந்த என்ஜின்களும் வந்திருக்கின்றன.

வாங்கப் போகிறவர்களுக்கு: இரவு முழுக்க நிமிர்ந்து நின்ற என்ஜினின் கீழ் ஆணியைக் காலையில் மெல்லத் தளர்த்துங்கள். தண்ணிக்குப் பாரம் கூட என்பதால், இருந்தால் முதலில் அதுதான் சொட்டும். ஒரு ஸ்குரூடிரைவரும் ஒரு நிமிடமும் போதும்.

வாழைச்சேனையிலிருந்து: போன மாசம் எடுத்த என்ஜின். துறையில இருந்து நல்லா வெளிக்கிடும். கால் மணித்தியாலம் ஓடினா அப்பிடியே இருமி இருமி நிண்டுரும். கொஞ்சம் ஆறவிட்டா திரும்பப் பத்தும். மூண்டு பேர்ட்ட காட்டிட்டன், மூண்டு பேரும் மூண்டு கதை சொல்றாங்க.

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றையும் கழற்ற வேண்டாம். அடுத்த முறை இருமத் தொடங்கும் அந்த நேரத்திலேயே எண்ணெய்க் குழாயில் இருக்கும் ரப்பர் குமிழைக் கையால் பிடியுங்கள்.

குமிழ் உள்வாங்கிச் சப்பையாகிக் கிடந்தால், டாங்கியிலிருந்து எண்ணெய் வரவில்லை. டாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறந்தீர்களா என்று பாருங்கள். அது மூடியிருந்தால் டாங்கிக்குள் காற்று புகாது, எண்ணெய் குறையக் குறைய உறிஞ்ச முடியாமல் என்ஜின் நிற்கும். ஆறவிட்டால் பத்துவதும் அதனால்தான். அந்த நேரத்துக்குள் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போயிருக்கும். திருகு திறந்துதான் இருந்தது என்றால் டாங்கிக்குள் உறிஞ்சும் குழாயின் நுனி வலையில் அழுக்கு.

குமிழ் தொளதொளவென்று இருந்து, அமுக்கினால் என்ஜினுக்கு உயிர் வருகிறது என்றால் எண்ணெய்ப் பம்பின் தோல் கிழிந்திருக்கலாம், அல்லது குழாய்ப் பூட்டில் காற்று இழுக்கிறது.

குமிழ் கல்லுப்போல் இறுகி இருந்து, அமுக்கியும் மாற்றமில்லை என்றால் எண்ணெய்ப் பக்கத்தை விட்டுவிட்டு மின்பக்கம் போங்கள். சூடேறினால் பொறி தராமல், குளிர்ந்தால் தரும் கொயில் இப்படித்தான் ஆட்டம் காட்டும். கரைக்கு இழுத்து வந்து ஆறின பிறகு மெக்கானிக் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். மூன்று பேர் மூன்று கதை சொல்வது அதனால்தான். நின்ற உடனேயே, சூட்டோடு, பொறி பார்க்க வேண்டும். எண்ணெய் ஆவி இல்லாத இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் என்ஜின் மாரி முழுக்கச் சும்மா கிடந்ததா என்று விற்றவரிடம் கேளுங்கள். கார்பரேட்டருக்குள் மாதக்கணக்கில் கிடந்த எண்ணெய் பிசினாகிச் சின்ன ஓட்டைகளை அடைக்கும். மெதுவான ஓட்டத்துக்கான ஓட்டை அடைந்தால் மெதுவாக ஓடும்போது நின்று நின்று போகும், முழு வேகத்துக்கான ஓட்டை அடைந்தால் முழு வேகத்தில் மூச்சுத் திணறும். டாங்கியின் அடி எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். தண்ணி கலந்திருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும்.

சாய்ந்தமருதிலிருந்து: போட் மட்டும் மலிவா வருது, என்ஜின் என்னட்ட இருக்கு. சுனாமிக்குப் பிறகு குடுத்த போட் எண்டு சொல்றாங்க. எடுக்கலாமா காக்கா?

2005, 2006இல் தொண்டு நிறுவனங்கள் எங்கள் கரை முழுக்கப் போட் கொடுத்தன. நல்லவையும் இருந்தன, அவசரத்தில் கட்டிய தரம் குறைந்தவையும் இருந்தன. அதெல்லாம் இருபது வருடப் போட் இப்போது. வயதை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் என்ஜின் பூட்டும் பின்பலகையைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அந்தப் பலகைக்குள் பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும், மேலே பைபர் பூசியிருப்பார்கள். ஆணி போட்ட ஓட்டை வழியே தண்ணி இறங்கினால் உள்ளே உளுத்துப் போகும், வெளியே பளபளப்பாகவே இருக்கும். சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். உறுதியான இடம் கணீரென்று கேட்கும், உளுத்த இடம் மந்தமாகக் கேட்கும். என்ஜினைப் பூட்டி, காலைத் தூக்கி, மேலும் கீழும் அமுக்குங்கள். பலகை அசைந்தால் அல்லது மூலையில் வெடிப்பு விரிந்தால் முடிந்தது கதை. சந்தேகம் தீராவிட்டால் ஒரு ஆணியைக் கழற்றுங்கள். மண்ணிறத் தண்ணியோ மரத்தூளோ வந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

திருத்தலாம். உள்பக்கத்தை வெட்டித் திறந்து, பழைய பலகையை எடுத்து, நன்றாகக் காயவிட்டுப் புதிது வைத்துப் பைபர் போட வேண்டும். மேலே புட்டி பூசிப் பெயின்ட் அடிப்பது திருத்தமல்ல. அந்த வேலைக்கு ஒருவரிடம் விலை கேட்டு, அந்தத் தொகையைப் போட் விலையில் கழித்துப் பேசுங்கள்.

மணலில் இழுத்து இழுத்து அடிப்பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்ப்பதும் அவசியம். அடியில் பைபர் நார் தெரிந்தால் அதுவும் ஒரு செலவு.

நிந்தவூரிலிருந்து: பெற்றோல் என்ஜினில மண்ணெண்ணெய் ஊத்தி ஓட்டலாம் எண்டு வித்தவர் சொன்னார். உண்மையா?

ஓடும். கொஞ்சக் காலம் ஓடும். மண்ணெண்ணெய்க்கென்று வரும் என்ஜினின் அழுத்தமும் கார்பரேட்டரும் வேறு. பெற்றோல் என்ஜினில் அதை ஊற்றிச் சுமையில் ஓட்டினால் உள்ளே அடிக்கும், பிஸ்டன் வெந்து போகும். அப்படி ஓட்டப்பட்ட என்ஜினை விற்கிறவர் மறைமுகமாக உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிட்டார், விட்டுவிடுங்கள்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே அடியாக 340 ரூபாயாக ஏறியபோது தொழிலை விட்டவர்களை எனக்குத் தெரியும். எண்ணெயில் மிச்சம் பிடிக்க நினைப்பதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மண்ணெண்ணெய் என்ஜினையே எடுங்கள். பெற்றோலில் பத்தவைத்துச் சூடேறிய பிறகு மாற்றுங்கள். கரைக்கு வருமுன் சில நிமிடம் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்துங்கள். அப்போதுதான் அடுத்த நாள் காலை கார்பரேட்டருக்குள் பெற்றோல் இருக்கும். காலையில் பத்தவில்லை, பிளக் கறுக்கிறது என்று வருகிறவர்களில் பலர் இந்தக் கடைசி வேலையைச் செய்யாதவர்கள்.

ஒயில் கலவை 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். கண்மதிப்பில் ஊற்றாதீர்கள். மோட்டார் சைக்கிள் ஒயிலும் வேண்டாம், போட் என்ஜினுக்கான டி.சி. டபிள்யூ 3 என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: என்ஜின் கத்துது, போட் நகருதில்ல.

புரொப்பலருக்கு நடுவிலுள்ள ரப்பர் வழுக்குகிறது. உள்வளையத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பிரிந்திருந்தால் அதுதான். மெதுவாக ஓட்டினால் கரை சேரலாம். சின்ன என்ஜின் என்றால் புரொப்பலரை அச்சோடு பிணைக்கும் ஊசி முறிந்திருக்கும். மேலதிகமாக இரண்டு ஊசி எப்போதும் போட்டில் இருக்கட்டும்.

காத்தான்குடியிலிருந்து: வாவியில ஓடும்போது துப்புற தண்ணி திடீரெண்டு நிண்டு போச்சு.

உடனே நிறுத்துங்கள். ஆற்றுவாழை வேரோ பொலித்தீன் பையோ தண்ணி உறிஞ்சும் சல்லடையில் ஒட்டியிருக்கும், எடுத்துவிட்டால் வரும். வராவிட்டால் துப்பும் ஓட்டையை மெல்லிய கம்பியால் குத்துங்கள். அதற்கும் வராவிட்டால் உள்ளே தண்ணி இறைக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இதழ் போய்விட்டது. பழைய என்ஜின் வாங்கினால் அதன் வயதை விசாரிக்காமல் இம்பெல்லரை மாற்றிவிடுங்கள். தண்ணி இல்லாமல் கரையில் பத்தவைத்துக் காட்டுகிறவர்களால்தான் அது கெடுகிறது.

பொத்துவிலிலிருந்து: சுற்றுலாக்காரரை ஏத்த 15 குதிரைவலு என்ஜினைக் கழட்டிட்டு 40 பூட்டலாமெண்டு இருக்கன்.

அந்தப் போட்டுக்கு வேண்டாம். பாரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, பின்பலகை தாங்காது. பின்பக்கம் தாழ்ந்து அலை உள்ளே வரும். காலின் நீளமும் பொருந்த வேண்டும். 15 அங்குலப் பலகைக்கு 20 அங்குலக் கால் பூட்டினால் மணலில் தட்டும். ஆளை ஏற்றுகிறீர்கள், ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி வாங்க அந்தக் காசைப் பயன்படுத்துங்கள்.

முகத்துவாரத்திலிருந்து: போட் பிரண்டு என்ஜின் உப்புத் தண்ணிக்குள்ள போயிட்டு. எடுத்திட்டம். இப்ப என்ன செய்யிற?

ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்று நம்புகிறேன். என்ஜினைக் காயவைக்காதீர்கள், அதுதான் எல்லோரும் செய்வது. உப்பு பட்ட இரும்பு காற்றுப் பட்டவுடன் துருப்பிடிக்கத் தொடங்கும். நல்ல தண்ணியால் உள்ளும் புறமும் கழுவி, பிளக்கைக் கழற்றி, கவிழ்த்துத் தண்ணியை வெளியேற்றி, சிலிண்டருக்குள் ஒயில் விட்டுக் கையால் சுற்றி, அன்றைக்கே பத்தவைக்க வேண்டும். சுற்றும்போது எங்காவது இறுகினால் பலவந்தப்படுத்த வேண்டாம். அன்றைக்கு மெக்கானிக் கிடைக்காவிட்டால் பெரிய பீப்பா நல்ல தண்ணிக்குள் முழுதாக அமிழ்த்தி வையுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் காற்றில் கிடப்பதைவிடத் தண்ணிக்குள் கிடப்பது நல்லது.

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி: அவர் சங்கத்துல கடன் எடுத்து போட் வாங்கிட்டார். வெறும் கடதாசியில கையெழுத்து மட்டும்தான் இருக்கு. இப்ப என்ஜினும் பழுது. வித்தவர் காசு திருப்பித் தரமாட்டாராம். என்ன செய்யலாம்?

முதலில் கடதாசி, பிறகு என்ஜின். மீன்பிடிப் படகு என்றால் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்படி பதிவு வேண்டும். கல்முனையிலுள்ள மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்கு வாங்கியவரும் விற்றவரும் போய், படகிலுள்ள இலக்கத்தைக் காட்டி, அது யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுப் பெயரை மாற்றுங்கள். என்ஜின் இலக்கத்தை, அதைப் பின்பலகையில் பிடிக்கும் தாங்கியிலுள்ள தகட்டில் பாருங்கள். தகடு பிடுங்கப்பட்டிருந்தால் அதையும் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள், திருட்டு என்ஜின் கையில் இருப்பது பழுதைவிடப் பெரிய தலையிடி.

விற்றவர் பணம் தராவிட்டாலும் பெயர் மாற்றத்துக்கு வந்து கையெழுத்திடத்தான் வேண்டும். அந்த நேரத்தில் சங்கத் தலைவரையும் கூட வைத்துக்கொண்டு திருத்தச் செலவில் ஒரு பங்கு கேளுங்கள். தனியாக வீட்டில் போய்க் கேட்பதைவிட அது பலன் தரும்.

என்ஜினை இன்னும் யாரிடமும் கழற்றக் கொடுக்க வேண்டாம். சனிக்கிழமை காலையில் பட்டறைக்கு அனுப்பிவையுங்கள், உங்கள் வீட்டுக்காரரும் கூட வரட்டும். அழுத்தமும் கியர் ஒயிலும் பார்த்து, திருத்தலாமா விற்கலாமா என்று அவர் முன்னாலேயே சொல்கிறேன்.