மின்சாரக் கம்பெனியைச் சாதாரண ஆட்கள் கேள்வி கேட்டு ஏதாவது நடந்திருக்கிறதா?

"கட்டணம், சூரிய மின்சாரம் என்று குடியிருப்பு அளவில் முயன்றவர்கள் இருக்கிறீர்களா? பலன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தில் அது ஒரு இட்லி அக்காவின் லைட் பில்லில் தொடங்கியது.

எங்களுடையது குடிசைகளை இடித்துவிட்டுக் கட்டிய ஏழு மாடிக் கட்டடம். பாதிப் பேர் தமிழர்கள். இரண்டாம் மாடி அக்கா விடியற்காலையில் இட்லி அவித்து விற்பவர். மாதம் ஆயிரத்துச் சொச்சம் வந்துகொண்டிருந்த பில், மீட்டர்களை மாற்றிவிட்டுப் போன பிறகு நாலாயிரத்தைத் தாண்டியது. அலுவலகத்தில் போய்க் கேட்டால், "ஏசி போட்டிருப்பீர்கள்." அவரிடம் இருப்பது ஒரு மின்விசிறி, ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு கிரைண்டர்.

எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். வீட்டு மெயினை அணைத்துவிட்டு மீட்டரைப் பார்ப்பது. மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கின் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். எங்களுடையதில் 3200. அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட். மகனை மேலே நிறுத்தினேன். "அணைச்சாச்சுப்பா" என்று போனில் சொன்னான். கீழே அக்காவின் மீட்டர் மினுக்குவது நிற்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பம்ப் நின்றது, விளக்கும் அடங்கிவிட்டது. மீட்டர் மாற்றியபோது பம்புக்கான வயரும் அக்காவின் வயரும் இடம் மாறியிருக்கின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், சொசைட்டியின், அதாவது எங்கள் குடியிருப்போர் சங்கத்தின், பொது பில் அந்த மாதங்களில் நன்றாகவே குறைந்திருந்தது. கமிட்டியில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

இதற்குப் பிறகு நான் கற்றதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வாயால் சொன்ன புகார் காற்றோடு போச்சு. அக்கா நான்கு முறை சொல்லியிருந்தார், ஒன்றுக்கும் தடயமில்லை. ஐந்தாம் முறை கடிதம் எழுதி, நகலில் ஆவக் முத்திரையும் (பெற்றுக்கொண்டதற்கான முத்திரை) தேதியும் போடச் சொன்னோம். போட மறுத்தார்கள், முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம், போட்டார்கள். அப்புறம் இணைப்பைத் துண்டிப்பதாக நோட்டீஸ் வந்தது. அக்கா பயந்துபோய்த் தாலிச் செயினை அடகு வைக்கிறேன் என்றார். தேவையே இல்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. பில் தகராறில் இருக்கும்போது, அவர்கள் கேட்கும் தொகை, அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதை "ஆட்சேபத்தோடு" என்று எழுதிக் கட்டினால் தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது. கட்டினோம். கூடவே கம்பெனியின் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றத்துக்கு மனு போட்டோம். அதற்கு வக்கீல் வேண்டியதில்லை. அங்கே சரிவராவிட்டால் மேலே மின்சாரக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. மன்றத்தில் தேதி வருவதற்கு முன்பே ஆட்கள் வந்து வயரை மாற்றிக் கொடுத்தார்கள், கூடுதல் தொகையை அடுத்தடுத்த பில்களில் கழித்தார்கள். மன்னிப்பா? அதெல்லாம் கிடையாது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளாளுக்கு பில்லை எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பில்லில் எரிபொருள் சரிக்கட்டுக் கட்டணம் என்று ஒரு தொகை வரும். நிலக்கரியோ எரிவாயுவோ வாங்குகிற செலவு கணக்கிட்டதைவிட ஏறினால் அது இந்தத் தொகை வழியாக நம் தலையில் விழும். இதை விளக்கியபோது அக்கா கேட்டார், "எங்கேயோ கரி விலை ஏறுனா என் இட்லிக்கு ஏன் தம்பி தண்டம்?" பருவநிலை மாற்றம் பற்றி நான் முன்பு இரண்டு கூட்டம் போட்டு ஆள் சேராத இடம் இது. பில்லின் இந்த ஒரு தொகைக்குக் கூட்டம் நிரம்பியது. எங்கள் மொட்டைமாடியிலிருந்து டிராம்பே மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அங்கே நிலக்கரியில் மட்டும் 750 மெகாவாட். இதே நகரத்து மில்களை 1915இல் மலையடிவாரத்துக் கோபோலியிலிருந்து வந்த நீர்மின்சாரம் ஓட்டியது என்று சொன்னால் பசங்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

கட்டணத்தை முடிவு செய்வது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கம்பெனி போடும் கட்டண மனு பொதுமக்கள் கருத்துக்கு வந்தாக வேண்டும், யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். 2025-26 முதல் 2029-30 வரைக்கான மனு வந்தபோது நாங்கள் பதினோரு பேர் எழுதினோம். மனு ஆங்கிலத்தில் பல நூறு பக்கம். முழுதும் படித்தோம் என்று பொய் சொல்ல மாட்டேன். பிரயாஸ், மும்பை கிராஹக் பஞ்சாயத் போன்ற அமைப்புகள் இந்த விசாரணைகளில் வருடக்கணக்காகப் பேசி வருகின்றன, கணக்கு வழக்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் எழுதியது இரண்டே விஷயம்: எரிபொருள் கட்டணம் ஏன் ஏறியது என்று பில்லிலேயே ஒரு வாக்கியம் வேண்டும், மீட்டர் மாற்றினால் வீட்டுக்காரர் முன்னால் மெயினை அணைத்துச் சோதிக்க வேண்டும். கம்பெனியின் எழுத்துப்பூர்வ பதில், விதிகளின்படி செயல்படுகிறோம் என்ற ஒற்றை வரி. சிலர் சோர்ந்துபோனார்கள். எனக்கு அது போதும். அடுத்த முறை வயர் மாறினால் அந்த வரியையும் மனுவோடு இணைப்பேன்.

சூரிய மின்சாரம் இன்னும் பாதி வழியில்தான். சொசைட்டிகளின் பொதுப் பயன்பாட்டுக்கு மத்திய அரசு மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்று 2024இல் விதி வந்துவிட்டது. 10 கிலோவாட் போட்டால் நல்ல வெயிலில் நாளுக்கு 40 யூனிட் போல வரும், பம்புக்கும் படிக்கட்டு விளக்குக்கும் தாராளம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கணக்கு செல்லாது, மும்பை மழையைத்தான் தெரியுமே. இடம் சுமார் ஆயிரம் சதுர அடி வேண்டும். மாடியில் பாதியை மொபைல் டவரும் தண்ணீர்த் தொட்டிகளும் பிடித்திருக்கின்றன. டவர் வாடகையை விட்டுக்கொடுக்க கமிட்டிக்கு மனம் வரவில்லை. மீதி இடத்தில் டவரின் நிழல் விழும் என்று ஒரு கட்சி, விழாது என்று இன்னொரு கட்சி. வரும் ஞாயிறு காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை மூன்று மணிக்கு நிழலைத் தரையில் கோடு போட்டு அளக்கப் போகிறோம். அக்கா சாக்பீஸ் டப்பா வாங்கி வைத்துவிட்டார்.