2-எத்தில்பியூட்-1-ஈனா, 3-மெத்திலிடீன்பென்டேனா? ஆல்கீன்களுக்குப் பெயரிடுவதில் வரும் குழப்பங்கள்

கேள்வி: குலசேகரம் பக்கம் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்பு, தமிழ் வழி. சிஎச்₂=சி(சி₂எச்₅)₂ என்ற ஆல்கீனுக்கு (கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு உள்ள சேர்மம்) வகுப்பில் 2-எத்தில்பியூட்-1-ஈன் என்று எழுதினோம். கைபேசிச் செயலியில் வரைந்து பார்த்தால் 3-மெத்திலிடீன்பென்டேன் என்று வருகிறது. எது சரி? இன்னொன்று: 3-மெத்தில்பென்ட்-2-ஈனில் இரண்டு மெத்தில் தொகுதிகளும் ஒரே பக்கம் இருந்தன. நான் இசட் என்று எழுதினேன். ஈ என்று திருத்தியிருக்கிறார்கள். ஏன்? பெயரிடும் கேள்விகளில் மதிப்பெண் வேறு எங்கெல்லாம் போகும்?

பதில்: முதல் கேள்வியில் இரண்டு பெயருமே அந்த ஒரே மூலக்கூறைத்தான் குறிக்கின்றன. பின்பற்றும் விதிதான் வேறு.

படத்தை இன்னொரு முறை பாருங்கள். நடுவில் ஒரு கார்பன். அதில் ஒரு சிஎச்₂ இரட்டைப் பிணைப்பால் ஒட்டியிருக்கிறது. இரண்டு எத்தில்கள் ஒற்றைப் பிணைப்பால் இருக்கின்றன. எத்தில், நடுக் கார்பன், எத்தில் என்று போனால் ஐந்து கார்பன் சங்கிலி கிடைக்கும். ஆனால் இரட்டைப் பிணைப்பு அதற்கு வெளியே நின்றுவிடும். சிஎச்₂, நடுக் கார்பன், ஒரு எத்தில் என்று போனால் நான்கு கார்பன்தான். இரட்டைப் பிணைப்பு உள்ளே வந்துவிடும். 'இரட்டைப் பிணைப்பு உள்ள மிக நீண்ட சங்கிலியே முதன்மைச் சங்கிலி' என்பது பாடநூல் விதி. அதன்படி நான்கு கார்பன், எனவே பியூட்-1-ஈன். வேதிப் பெயர்களுக்கு விதி வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐ.யு.பி.ஏ.சி. 2013இல் வெளியிட்ட பரிந்துரைகளில் இந்த வரிசை மாறியது. இப்போது சங்கிலியின் நீளம்தான் முதலில்; நீளம் சமமாக இருந்தால் மட்டுமே இரட்டைப் பிணைப்பைப் பார்க்க வேண்டும். அதனால் முதன்மைச் சங்கிலி பென்டேன் ஆகிறது, வெளியே நிற்கும் சிஎச்₂ 'மெத்திலிடீன்' என்ற முன்னொட்டாகிறது. பெயரின் கடைசியில் 'ஈன்' இல்லையே என்று குழம்ப வேண்டாம், சேர்மம் ஆல்கீன்தான்.

பொதுத்தேர்வில் பாடநூல் பெயரையே எழுதுங்கள், அதற்குத்தான் மதிப்பெண். செயலியில் வேறு பெயர் வந்தால், மிக நீண்ட சங்கிலி இரட்டைப் பிணைப்பை விட்டு விலகிப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படிப் போகும் மூலக்கூறுகளில்தான் இரு விதிகளும் முரண்படும். பள்ளிக் கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டும் ஒரே விடைதான் தரும். பழைய நூல்களில் '2-பியூட்டீன்' என்று இருப்பதும் தவறில்லை. இட எண்ணை 'ஈன்' என்ற பின்னொட்டுக்கு நேர் முன்னால் வைத்து 'பியூட்-2-ஈன்' என எழுதுவது 1993 பரிந்துரைக்குப் பிறகு வந்த வழக்கம்.

சங்கிலியைத் தேர்ந்த பிறகு எண்ணிடுவது. இரட்டைப் பிணைப்புக்குச் சிறிய எண் கிடைக்கும் முனையிலிருந்து தொடங்க வேண்டும். கிளை எங்கே இருக்கிறது என்பது அப்போது கணக்கில் இல்லை. ஒற்றைப் பிணைப்புகள் மட்டும் உள்ள ஆல்கேனில் கிளைக்குச் சிறிய எண் கொடுத்துக் கொடுத்துக் கை பழகிவிடுவதால் இங்கே பலர் சறுக்குகிறார்கள். சிஎச்₃–சிஎச்=சிஎச்–சிஎச்(சிஎச்₃)–சிஎச்₃ என்பதை 2-மெத்தில்பென்ட்-3-ஈன் என்று எழுதிவிடுவார்கள். இடமிருந்து எண்ணினால் பிணைப்பு 2இல் தொடங்கும், வலமிருந்து எண்ணினால் 3இல். ஆகவே இடமிருந்து: 4-மெத்தில்பென்ட்-2-ஈன். இரு முனையிலிருந்தும் பிணைப்புக்கு ஒரே எண் வந்தால்தான் கிளைக்குப் பேச உரிமை. ஹெக்ஸ்-3-ஈனில் முனைக்கு அடுத்த கார்பனில் ஒரு மெத்தில் இருந்தால் 5-மெத்தில் அல்ல, 2-மெத்தில்ஹெக்ஸ்-3-ஈன். பிணைப்பு 2க்கும் 3க்கும் நடுவில் இருந்தால் எழுத வேண்டியது 2 மட்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சிஸ் (ஒரே மாதிரியான தொகுதிகள் ஒரே பக்கம்; எதிர்ப் பக்கம் என்றால் டிரான்ஸ்) என்பதும் இசட் என்பதும் ஒன்றே என்று மனத்தில் பதிந்துவிட்டால் கடைசிவரை தவறு வரும்.

ஈ, இசட் என்ற ஆங்கில எழுத்துகளில் எது என்று முடிவு செய்யும்போது ஒரே மாதிரியான தொகுதிகள் எந்தப் பக்கம் என்று தேடவே கூடாது. இரட்டைப் பிணைப்பின் ஒவ்வொரு கார்பனையும் தனித்தனியாக எடுத்து, அதிலுள்ள இரண்டில் எது பெரியது என்று தீர்மானிக்க வேண்டும். பிறகுதான் இரண்டு 'பெரியவை'களும் ஒரே பக்கமா, எதிர்ப் பக்கமா என்று பார்ப்பது. ஒரே பக்கம் என்றால் இசட், எதிர்ப் பக்கம் என்றால் ஈ. பெரியது எது என்பதற்குக் கான், இன்கோல்ட், பிரிலாக் ஆகிய மூவர் வகுத்த முன்னுரிமை விதி இருக்கிறது: நேரடியாக ஒட்டியிருக்கும் அணுவின் அணு எண்ணைப் பாருங்கள். ஹைட்ரஜன் 1, கார்பன் 6, நைட்ரஜன் 7, ஆக்சிஜன் 8, குளோரின் 17, புரோமின் 35. முதல் அணு சமமானால் அதில் ஒட்டியுள்ள மூன்று அணுக்களை ஒப்பிடுங்கள்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 3-மெத்தில்பென்ட்-2-ஈனில் இரண்டாம் கார்பனில் இருப்பவை மெத்திலும் ஹைட்ரஜனும், மெத்தில் பெரியது. மூன்றாம் கார்பனில் மெத்திலும் எத்திலும். இரண்டிலும் முதல் அணு கார்பன், எனவே அடுத்த அடுக்கு. மெத்திலின் கார்பனில் ஹைட்ரஜன், ஹைட்ரஜன், ஹைட்ரஜன். எத்திலின் கார்பனில் கார்பன், ஹைட்ரஜன், ஹைட்ரஜன். எத்தில் பெரியது. இரண்டு மெத்தில்களும் ஒரே பக்கம் என்றால், எத்தில் எதிர்ப் பக்கம் போய்விடுகிறது. இரண்டாம் கார்பனின் பெரியது மெத்தில், மூன்றாம் கார்பனின் பெரியது எத்தில், இவை எதிரெதிர். ஆகவே ஈ. திருத்தியவர் சரியாகத்தான் திருத்தியிருக்கிறார். ஒரே மெத்தில், ஒரு கார்பனில் பெரியதாகவும் அடுத்த கார்பனில் சிறியதாகவும் நிற்கிறது. உங்களைக் குழப்பியது அதுதான்.

முன்னுரிமையில் இன்னொரு பொறி: தொகுதியின் மொத்த எடையையோ கார்பன் எண்ணிக்கையையோ கூட்டுவது. சிஎச்₂ஓஎச் ஒரு பக்கம், சி(சிஎச்₃)₃ ஒரு பக்கம் என்றால் பார்வைக்கு இரண்டாவதுதான் பெரிது. ஆனால் முதலாவதின் கார்பனில் ஆக்சிஜன், ஹைட்ரஜன், ஹைட்ரஜன். இரண்டாவதில் கார்பன், கார்பன், கார்பன். முதல் இடத்திலேயே ஆக்சிஜன் ஜெயித்துவிட்டது. மீதியைப் பார்க்கத் தேவையில்லை.

ஈ, இசட் எழுதவே கூடாத இடமும் உண்டு. இரட்டைப் பிணைப்பின் ஏதாவது ஒரு கார்பனில் இரண்டும் ஒரே தொகுதியாக இருந்தால் வடிவ மாற்றியம் கிடையாது. முனையில் சிஎச்₂= உள்ள எந்த ஆல்கீனும் அப்படித்தான்; உங்கள் 2-எத்தில்பியூட்-1-ஈனும் அதில் சேர்த்தி. சிலர் பழக்கத்தில் அதற்கும் ஒரு (ஈ) போட்டுவிட்டு மதிப்பெண் இழக்கிறார்கள். விடைத்தாளில் இவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்தில், அடைப்புக்குறிக்குள், பெயருக்கு முன்னால் எழுதுங்கள். இரண்டு இரட்டைப் பிணைப்பு இருந்தால் இட எண்ணும் சேரும்: (2ஈ,4ஈ)-ஹெக்ஸா-2,4-டையீன். அந்த 'ஹெக்ஸா'வில் உள்ள 'ஆ' ஒலியையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பிணைப்புக்கு ஹெக்ஸ்-2-ஈன், இரண்டுக்கு ஹெக்ஸா-2,4-டையீன்.

டையீனுக்கு உங்கள் ஊர் ரப்பரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அருமனை, திருவட்டாறு பக்கமெல்லாம் வெட்டியெடுக்கும் பாலில் உள்ள ரப்பரின் அடிப்படை அலகு ஐசோபிரீன். நான்கு கார்பன் சங்கிலி, இரண்டு இரட்டைப் பிணைப்பு, ஒரு மெத்தில். எந்த முனையிலிருந்து எண்ணினாலும் பிணைப்புகள் 1, 3இல்தான் வரும். அதனால் மெத்தில் முடிவு செய்கிறது: 2-மெத்தில்பியூட்டா-1,3-டையீன். ரப்பரை 'சிஸ்-1,4-பாலிஐசோபிரீன்' என்று எழுதுகிறார்களே, அந்த 1,4 இரட்டைப் பிணைப்பின் இடம் அல்ல. ஒவ்வோர் அலகும் முதல் கார்பனாலும் நான்காம் கார்பனாலும் பக்கத்து அலகுகளோடு கோர்த்திருக்கிறது என்பதே பொருள். மிஞ்சும் ஒரு இரட்டைப் பிணைப்பு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்கும். இங்கே சிஸ்ஸும் இசட்டும் ஒத்துப்போகின்றன: ஒரு கார்பனில் மெத்திலைவிடச் சங்கிலி பெரியது, மற்றதில் ஹைட்ரஜனைவிடச் சங்கிலி பெரியது, இரண்டு சங்கிலிகளும் ஒரே பக்கம். அதே அலகுகள் டிரான்ஸாகக் கோர்த்தால் அது கட்டாபெர்ச்சா. அதன் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிப் படிகமாவதால் ரப்பர்போல் இழுபடாது, கெட்டியாக இருக்கும். பல் வேர்ச் சிகிச்சையில் குழியை அடைக்கப் பயன்படுவது அதுதான்.

மதிப்பெண் போகும் மற்ற இடங்களில், தமிழ் வழியில் படிப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அகரவரிசை. கிளைகளை ஆங்கில எழுத்துக்கூட்டின் வரிசையில்தான் அடுக்க வேண்டும். தமிழ் அகரவரிசை இங்கே உதவாது. ஆங்கிலத்தில் புரோமோ, குளோரோ, எத்தில், மெத்தில் என்று வரும். தமிழ் வரிசையில் போட்டால் எத்தில், குளோரோ, புரோமோ, மெத்தில் ஆகிவிடும். சிஎச்₂=சிஎச்–சிஎச்சிஎல்–சிஎச்₂பிஆர் என்பது 4-புரோமோ-3-குளோரோபியூட்-1-ஈன். எண் 3 சிறியது என்பதற்காகவும் குளோரோவை முன்னால் கொண்டுவரக் கூடாது. டை, டிரை போன்ற எண்ணிக்கைச் சொற்கள் வரிசையில் சேராது. எத்திலுக்குப் பின்னால்தான் டைமெத்தில்.

குளோரின், புரோமின் போன்ற ஹாலஜன்களுக்கு எண்ணிடுவதில் முன்னுரிமை இல்லை, ஓஎச்சுக்கு உண்டு. சிஎச்₂=சிஎச்–சிஎச்₂–சிஎச்₂பிஆர் என்பது 4-புரோமோபியூட்-1-ஈன். புரோமினின் இடத்தில் ஓஎச் வந்தால் எண்ணும் திசையே திரும்பிவிடும்: பியூட்-3-ஈன்-1-ஆல். 'பியூட்-1-ஈன்-4-ஆல்' என்று எழுதினால் தவறு.

வளையத்தில் இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களும் 1, 2 என்று ஆகிவிடும். இவற்றில் எதை 1 ஆக்குவது என்பதைக் கிளை சொல்லும். பிணைப்புக்குப் பக்கத்துக் கார்பனில் மெத்தில் இருந்தால் 3-மெத்தில்சைக்ளோஹெக்ஸீன், 6 அல்ல. பிணைப்புக் கார்பனிலேயே இருந்தால் 1-மெத்தில், 2 அல்ல. எண்களுக்கு நடுவே காற்புள்ளி, எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே சிறுகோடு, நடுவில் இடைவெளி கூடாது.

இரட்டைப் பிணைப்பு கிளையில் இருக்கும் சேர்மங்களுக்கு, மாறாமலை எஸ்டேட் பக்கம் விளையும் கிராம்பில் ஒரு கணக்கு இருக்கிறது. கிராம்பு எண்ணெயின் முக்கியக் கூறு யூஜினால். பென்சீன் வளையத்தில் ஓஎச், மீத்தாக்சி (ஓசிஎச்₃), அதோடு மூன்று கார்பன் கிளை ஒன்று. ஓஎச்சுக்குத்தான் முன்னுரிமை என்பதால் முதன்மைப் பெயர் பீனால். கிளைக்குத் தனியாக எண்ணிட வேண்டும், வளையத்தில் ஒட்டும் கார்பன் 1. அதில் இரட்டைப் பிணைப்பு 2இல் தொடங்குவதால் பெயர் 2-மீத்தாக்சி-4-(புரொப்-2-ஈன்-1-இல்)பீனால். முனையில் சிஎச்₂ இருப்பதால் ஈ, இசட் கிடையாது. அந்த இரட்டைப் பிணைப்பு ஒரு கார்பன் வளையத்தை நோக்கி நகர்ந்தால் ஐசோயூஜினால், 2-மீத்தாக்சி-4-(புரொப்-1-ஈன்-1-இல்)பீனால். இப்போது ஒரு கார்பனில் வளையமும் ஹைட்ரஜனும், மற்றதில் மெத்திலும் ஹைட்ரஜனும். வளையமும் மெத்திலும் எதிரெதிரே இருந்தால் ஈ, ஒரே பக்கம் இருந்தால் இசட்.