பல வருட மனச்சிதைவும் தற்கொலை அபாயமும்: கேள்வி பதில்

தருமபுரம், ஒரு தாய்: மகனுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வந்து பதினைந்து வருடம். இப்போது குரல்கள் கேட்பதில்லை என்கிறான். இனிப் பயமில்லைத்தானே?

அம்மா, குரல்கள் அடங்கியது நல்ல செய்தி. ஆனால் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். இந்நோயுள்ளவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார். நோயின் முதல் வருடங்களிலும், வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரங்களிலும் அபாயம் மிக அதிகம். பிறகு குறையும், முற்றாக நீங்காது. குரல்கள் ஏவித்தான் சாகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். மனச்சோர்வும் நம்பிக்கையிழப்புமே பெரும்பாலும் பின்னால் நிற்கின்றன. தெளிந்தவன் சுற்றிப் பார்க்கிறான்: கூடப் படித்தவன் ஆசிரியராகிவிட்டான், தம்பிக்குக் கலியாணம் முடிந்துவிட்டது, தன் வயலை வேறொருவர் விதைக்கிறார். அப்போதுதான் அவனுக்குத் துணை வேண்டும். உறக்கம் கெட்டால், "உங்களுக்கு நான் பாரம்" என்று சொன்னால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். முன்பு ஒருமுறை முயன்றவரென்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

முள்ளியவளை: ஊசி போட்டபின் அண்ணா ஓரிடத்தில் இருக்க முடியாமல் நடந்துகொண்டே இருக்கிறார்.

மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். தாங்க முடியாத அவதி அது. சாகத் தோன்றும் அளவுக்கும் போகும். மருந்தை மாற்றியோ அளவைக் குறைத்தோ தணிக்கலாம். நாளைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள்.

ஒட்டுசுட்டான்: "சாக நினைக்கிறாயா?" என்று கேட்டால், இல்லாத எண்ணமும் வந்துவிடாதா?

வராது. நேராகக் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான்: எங்கள் பெரியவர்கள் அந்தச் சொல்லையே வீட்டில் எடுக்க விடமாட்டார்கள்.

மாங்குளம்: நான் கேட்டேன், ஐயா. தம்பி அழுதான். யாராவது கேட்பார்களா என்று பார்த்திருந்தானாம்.

ஒட்டுசுட்டான் ஐயா, இந்தத் தங்கச்சி சொன்னதைத் திரும்ப வாசியுங்கள். சொல்லை எடுக்காத வீட்டில் எண்ணம் இல்லாமலா போகிறது? 2009க்குப் பின் வன்னியில் பேசாமல் அடக்கிய துக்கம் போதும். கேட்டதும் புத்தி சொல்லத் தொடங்காதீர்கள். அவன் சொல்லி முடிக்கட்டும். ஆம் என்றால் தனியே விடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். நடு இரவிலும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

பூநகரி: சுகமாகிவிட்டது. குளிசையை நிறுத்தலாமா?

கூடாது.

நெடுங்கேணி: பாதியாகக் குறைக்கலாமா?

வைத்தியர் சொல்லாமல் குறைக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. இதையே கேட்டு வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் இதுவே பதில்.

புதுக்குடியிருப்பு: வற்றாப்பளை அம்மனிடம் நேர்த்தி வைத்திருக்கிறோம்.

கூட்டிச் செல்லுங்கள். குளிசையையும் கொண்டு செல்லுங்கள்.

செட்டிகுளம்: குளோசப்பின் தொடங்கச் சொல்கிறார்கள். இரத்தம் எடுக்க அடிக்கடி பஸ் ஏற வேண்டுமே?

ஏறுங்கள். மனச்சிதைவில் தற்கொலை அபாயத்தைக் குறைப்பதற்கு வலுவான சான்றுள்ள மருந்து அது. அமெரிக்கா 2002இல் அதற்கென்றே அங்கீகரித்தது. வெண்குருதிக் கலங்கள் ஆபத்தாகக் குறையக்கூடும் என்பதால்தான், வழக்கமாக முதல் 18 வாரமும் வாரந்தோறும் பரிசோதனை.

துணுக்காய்: வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருக்கிறது.

வீட்டை விட்டு அகற்றுங்கள். முடியாவிட்டால் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தபின் பத்து வருடத்தில் அது பாதியானது. நஞ்சு கைக்கு எட்டாததால் பிழைத்தவர்கள் பலர். இன்றைக்கே அகற்றுங்கள், தம்பி.